ஃபோர்டு மாடல் டி காரின் மர ஆரக்கால் சக்கரங்களை வீட்டுப் பட்டறையில் மறுபடி கட்டுவது எப்படி?

மரச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருப்பது பசையும் அல்ல, போல்ட்டும் அல்ல. 12 ஆரக்கால்களும் நடுவில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு, வெளியே வட்டையை (ஆரக்கால்களின் வெளிமுனைகள் பொருந்தும் வளையம்) தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அந்த நெரிசல் இருக்கும்வரை சக்கரம் உயிரோடு இருக்கும். அது போய்விட்டால் எத்தனை முறை நட்டை முறுக்கினாலும் பயன் இல்லை. கீழே உள்ள வேலை முழுவதும், மரத்தை வெட்டுவது முதல் அழுத்துவது வரை, அந்த நெரிசலைச் சரியான அளவில் உண்டாக்குவதற்காகத்தான்.

மாடல் டி 1908 முதல் 1927 வரை தயாரானது. தொடக்க கால வண்டிகளில் முன்னால் 30×3, பின்னால் 30×3½ கிளிஞ்சர் டயர் (ரிம்மின் மடிந்த விளிம்பு ஓரத்தைக் கவ்விப் பிடிக்கும் வகை). ரிம் சக்கரத்தோடு நிரந்தரமாகப் பொருந்தியிருக்கும். 1919 முதல் கழற்றி மாட்டும் ரிம் வந்தது. அதில் நான்கு சக்கரங்களுக்கும் 30×3½தான். கடைசி ஆண்டுகளில் 21 அங்குல பலூன் டயர். வட்டை சில சக்கரங்களில் மரம், சிலவற்றில் இரும்பு. இந்த வழிகாட்டி இரும்பு வட்டை கொண்ட, கழற்றி மாட்டும் ரிம் உள்ள சக்கரத்துக்கானது. முதல்முறை செய்பவர்களுக்கு ஏற்றது அதுதான். மர வட்டையை நீராவியில் வளைப்பது தனி வேலை, அதற்குத் தனிச் சாதனமும் வேண்டும்.

பிரிட்டன் நீங்கலாக அன்றைய பிரிட்டிஷ் பேரரசு நாடுகளில் விற்கும் உரிமை கனடா ஃபோர்டிடம் இருந்தது. ஆகவே இந்தியாவிலும் இலங்கையிலும் கிடைக்கும் வண்டி கனடாவில் செய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க உதிரிபாகப் பட்டியலில் உள்ள அளவை நம்பி ஆரக்கால் வரவழைக்காதீர்கள். உங்கள் சக்கரத்தை அளந்து, அந்த அளவுக்கு வாங்குங்கள் அல்லது செய்யுங்கள்.

கட்ட வேண்டுமா, விட்டுவிடலாமா?

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பேரிங் ஆட்டம் வேறு, மர ஆட்டம் வேறு. பேரிங் ஆடினால் ஹப்பும் (சக்கரத்தின் இரும்பு நடுப்பகுதி) சேர்ந்து ஆடும். மரம் ஆடினால், ஆரக்கால்களை நடுவில் இருபக்கமும் கவ்வும் ஹப் தட்டுக்கும் ஆரக்காலுக்கும் இடையில் அசைவு தெரியும், பெரும்பாலும் "டிக்" என்று ஒரு சத்தமும் கேட்கும். அடுத்து ஒவ்வொரு ஆரக்காலையும் சிறிய சுத்தியால் தட்டுங்கள். இறுக்கமான கால் கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது பொத்தென்று கேட்கும். ஹப் தட்டின் விளிம்பில் பழுப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே மரமும் இரும்பும் உரசித் தேய்கின்றன என்று பொருள். கூரான ஊசியால் வட்டைக்குப் பக்கத்திலும் ஹப் தட்டின் ஓரத்திலும் குத்திப் பாருங்கள். பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே மரம் மக்கியிருக்கும்.

நடு இணைப்பு இறுக்கமாக இருந்து, வட்டைப் பக்கம் மட்டும் தோளில் சிறு இடைவெளி தெரிந்தால், பிளந்த பித்தளை வாஷரைக் கழுந்தைச் சுற்றி நுழைத்துச் சமாளிக்கலாம் (கழுந்து என்பது வட்டைத் துளைக்குள் போகும் ஆரக்கால் முனை, தோள் என்பது அதன் அடியில் வட்டையில் படியும் விளிம்பு). நடுவில் தளர்ச்சி என்றால் முழுதாகக் கட்டத்தான் வேண்டும்.

தளர்ந்த சக்கரத்தைத் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தைக் காரில் செய்யவே கூடாது. கோடையில் மாட்டுவண்டிச் சக்கரத்தைக் குளத்தில் இறக்கி வைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஊறிய மரம் உப்பும். உப்ப இடமில்லாததால் அதன் நார் தனக்குள்ளேயே நசுங்கும். காய்ந்தபிறகு முன்பிருந்ததைவிடச் சிறுத்துவிடும். மெதுவாகப் போகும் வண்டிக்கு அது ஒரு பருவத்தைத் தள்ளிவிட உதவலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும் காரில் அது ஆபத்து.

எதை முதலில் கட்டுவது என்று கேட்டால், பின் சக்கரங்களை, அதுவும் இரண்டையும் சேர்த்து. மாடல் டியில் முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. இன்ஜின் இழுக்கும் விசையும் பிரேக் பிடிக்கும் விசையும் பின் ஆரக்கால்கள் வழியாகவே போகின்றன.

கழற்றும்முன் அளவுகள்

முன் சக்கரத்தின் இடதுபக்க நட்டு இடது மரை. வலம்புரியாகத் திருப்பினால்தான் கழலும். பின் ஹப் சரிவான அச்சில் சாவியோடு (ஹப் அச்சில் வழுக்காமல் பூட்டும் சிறு இரும்புத் துண்டு) உட்கார்ந்திருக்கும். ஹப் மூடி மரையில் மாட்டும் புல்லர் கொண்டே இழுக்க வேண்டும். அச்சு முனையில் சுத்தியால் அடித்தால் உள்ளே டிஃபரன்ஷியல் வரை அடி போய்ச் சேரும்.

பழைய போல்ட்களின் முனை நட்டுக்கு மேல் அடித்துப் பரப்பப்பட்டிருக்கும். அதை அரைத்து எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். மரை மேல் நட்டை வலிந்து திருப்பினால் போல்ட் சுழன்று துளை பெருகும். போல்ட் தலை எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் பிரேக் டிரம்மே உள் தட்டாக இருப்பதால் இதை மாற்றிப் போட்டால் பிரேக்கோடு உரசும்.

பிரிக்கும் முன் நான்கு அளவுகளை எழுதிவையுங்கள்:

1. வட்டையின் விளிம்பிலிருந்து ஹப் தட்டு எவ்வளவு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது. சக்கரத்தின் குழிவு இதுதான். புதிதாகக் கட்டும்போது மையத்துக்கு அடியில் வைக்கும் நடுக்கட்டையின் உயரத்தை இது தீர்மானிக்கும்.
2. வட்டையின் உள்விட்டம், ஆறு திசைகளில். வித்தியாசம் அரை நூலுக்கு மேல் (1/16 அங்குலம், 1.6 மி.மீ) போனால் முதலில் வட்டையைச் சீராக்க வேண்டும்.
3. 12 கழுந்துத் துளைகளின் விட்டம், ஒவ்வொன்றாக.
4. நடுவில் மரத்தின் தடிமன், அதிகம் தேயாத காலில் எடுத்தது.

வட்டையில் துருவை முழுதாக நீக்கி, துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். விரிசல் கண்ட வட்டையை வெல்டிங் செய்து ஓட்டுவதைவிட வேறு வட்டை தேடுவது நல்லது. சுத்தமானதற்கு எபாக்சி பிரைமர் அடித்து நன்றாகக் காயவிடுங்கள்.

மரம்

வட அமெரிக்கக் கடினமரமான ஹிக்கரியே முதல் தேர்வு. காய்ந்த ஹிக்கரி கனஅடிக்குச் சுமார் 50 பவுண்டு எடை வரும். அதிர்ச்சியைத் தாங்கும் வலு அதற்கு ஈடாக வேறு எதற்கும் எளிதில் வராது. வெள்ளையாக இருக்கும் வெளிமரத்துக்கும் செம்மையான வைரத்துக்கும் வலுவில் வித்தியாசம் இல்லை. நிறம் பார்த்து விலை கூட்டிக் கொடுக்க வேண்டாம். எடை பாருங்கள். ஒரே அளவுள்ள கட்டைகளில் கனமானதை எடுங்கள், வளர்ச்சி வளையங்கள் மிக நெருக்கமாக உள்ளதை ஒதுக்குங்கள். இந்த மரத்தில் வேகமாக வளர்ந்ததே வலுவானது.

நம் ஊர் கருவேலம் வண்டிச் சக்கரங்களுக்குக் காலங்காலமாகப் பயன்பட்ட மரம்தான். ஆனால் வண்டியின் ஆரக்கால் தடியானது, மாடல் டியின் ஆரக்கால் மெலிந்தது. முடிச்சே இல்லாத, வரி (மர நாரின் ஓட்டம்) நேராக ஓடும் கருவேலக் கட்டைகள் ஒரு சக்கரத்துக்கு 12 கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் சமரசம் செய்யாமல் ஹிக்கரியை வரவழைத்துவிடுங்கள்.

வரி நேராக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். 20 அங்குல நீளத்தில் 1 அங்குலத்துக்கு மேல் வரி சாய்ந்தால் அந்தக் கட்டை வேண்டாம். கண்ணால் தெரியாவிட்டால் கட்டையின் ஓரத்தில் ஒரு சிம்பைப் பிளந்து பாருங்கள். பிளவு போகும் திசைதான் உண்மையான வரி. சக்கரத்தில் வைக்கும்போது, ஹப் முனையில் தெரியும் வளையக் கோடுகள் அச்சின் திசையில் ஓடட்டும். மரம் வளையத்தின் குறுக்கே குறைவாகவும் வளையத்தின் நெடுக அதிகமாகவும் சுருங்கும். குறைவாகச் சுருங்கும் திசை சக்கரத்தின் சுற்றளவில் விழ வேண்டும்.

ஈரப்பதம்

பெரும்பாலான வீட்டுச் சக்கரங்கள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. ஹிக்கரியின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அகலம் ஏறத்தாழ 0.3 சதவீதம் சுருங்கும். ஹப் தட்டின் விளிம்பில் ஆரக்காலின் அகலம் 1.6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீத ஈரம் போனால் ஒரு காலில் 0.019 அங்குலம். 12 காலுக்கும் சேர்த்தால் சுற்றளவில் கால் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. எவ்வளவு துல்லியமாக வெட்டினாலும் ஈர மரத்தில் கட்டிய சக்கரம் ஒரே கோடையில் ஆட ஆரம்பித்துவிடும்.

கடலோர ஊர்களில் திறந்தவெளியில் வைத்த மரம் 12, 13 சதவீதத்தில் நிற்கும். அங்கே கட்டும்போது 8 அல்லது 9 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். டொராண்டோ போல் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் இடத்தில் வண்டி நிற்கும் என்றால் 6 சதவீதம். அதற்காக எல்லா ஊரிலும் எலும்பு போல் காயவைப்பதும் தவறு. மழைக்காலத்தில் மரம் அளவுக்கு மீறி உப்பி நார் நசுங்கும். அடுத்த வெயிலில் தளரும்.

ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம். அதே கட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடை போடுங்கள். 103 டிகிரி சென்டிகிரேடு அவனில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரப்பதம். 52.0 கிராம் துண்டு 48.1 கிராம் ஆனால் 8.1 சதவீதம். கட்டைகளைக் காயவைக்க, காற்று வெளியேற வழியுள்ள பெட்டியில் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு 40 டிகிரி அளவில் வைத்தால் போதும். இரண்டு வாரம் எடை மாறாமல் இருந்தால் கட்டை தயார். வெட்டி முடித்த ஆரக்கால்களையும் அழுத்தும் நாள்வரை அந்தப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

ஆப்பு முனையை வெட்டுவது

12 ஆரக்கால், 360 டிகிரி: ஒவ்வொன்றின் ஹப் முனையும் 30 டிகிரி ஆப்பு, பக்கத்துக்கு 15. மொத்தம் 24 முகங்கள். ஒரு முகத்தில் கால் டிகிரி பிசகினால் முழுச் சுற்றில் 6 டிகிரி பிசகும். டேபிள் ரம்பத்தின் கோண அளவுகோலில் உள்ள கோட்டைப் பார்த்து இதை வெட்ட முடியாது. நகரும் சட்டம் ஒன்று செய்து, ஆரக்காலை அதில் இறுக்கிப் பூட்டி, எல்லா முகங்களையும் அதே அமைப்பில் வெட்டுங்கள்.

முதலில் மலிவான மரத்தில் 6 துண்டுகள் வெட்டுங்கள். கண்ணாடிப் பலகை மேல் அரைவட்டமாகச் சேர்த்து, இரு ஓர முகங்களுக்கும் நேர்ச்சட்டம் வையுங்கள். சட்டம் முழு நீளமும் ஒட்டினால் கோணம் சரி. ஓரங்கள் மட்டும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கோணம் அதிகம். நடு தொட்டு ஓரங்களில் வெளிச்சம் என்றால் கோணம் குறைவு. தாள் கனத்துக்குப் பிசகு இருந்தே தீரும் என்றால் அது நடுவில் இருக்கட்டும். ஹப் தட்டின் விளிம்புப் பக்கம் இடைவெளி விட்டுக் கட்டிய சக்கரம் நிற்காது.

அடுத்தது நீளம். ஆரக்காலின் நுனியிலிருந்து தோள்வரை அளப்பது பலரும் செய்யும் பிழை. நுனி எங்கும் விசையைத் தாங்குவதில்லை. ஆப்பு முகங்களே தாங்குகின்றன. ஆகவே அளக்க வேண்டியது ஆப்பின் கற்பனை முனையிலிருந்து கழுந்தின் தோள்வரை. 6 மி.மீ இரும்புத் தகட்டில் 30 டிகிரி V வெட்டு ஒன்று போட்டு, அதன் முனையைப் பூஜ்யமாக வைத்து ஒரு அளவுகோலைப் பொருத்துங்கள். ஆரக்காலின் ஆப்பை V-யில் உட்காரவைத்தால் தோள் காட்டும் எண்ணே உண்மையான நீளம். 12 கால்களுக்கும் இது 0.25 மி.மீ-க்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கால் நீண்டால் அந்த இடத்தில் வட்டை வெளியே தள்ளி ஓட்டத்தில் மேடு தெரியும்.

இந்த நீளம் வட்டையின் உள் ஆரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்க வேண்டும். அந்தக் கொஞ்சம்தான் நெரிசல். உள் ஆரம் 10 அங்குலம் என்றால், 0.06 அங்குலம் (1.5 மி.மீ) கூடுதலாக வையுங்கள். அப்போது அழுத்தும்முன் ஆரக்கால்கள் கூம்பாக நிற்கும்போது நடு சுமார் 1.1 அங்குலம் எழும்பியிருக்கும். 0.03 என்றால் முக்கால் அங்குலம்தான் எழும்பும், இறுக்கம் போதாது. 0.10 என்றால் 1.4 அங்குலம், தோளின் கீழ் மரம் நசுங்கும், வட்டை அலையாக நெளியும்.

நுனியை ஹப் குழாய்க்கு ஏற்றபடி வில்லாக வெட்டி, குழாயிலிருந்து அரை மி.மீ தள்ளி நிற்கும்படி விடுங்கள். ஆப்புகள் நெரியும்முன் நுனி குழாயைத் தொட்டுவிட்டால் சக்கரம் இறுகவே இறுகாது.

கழுந்தைக் கடைசலில் உருட்டுங்கள். துளையைவிட 0.005 அங்குலம் குறைவு, கையால் அழுத்தினால் போகும் அளவு. தோள் முகம் சுற்றிலும் சமமாக வட்டையில் படிய வேண்டும். தோளிலும் ஆப்பு முகங்களிலும் பெயின்ட், வார்னிஷ், எண்ணெய் எதுவும் கூடாது. அந்தப் படலம் பின்னால் நசுங்கி வெளியேறும், அதன் கனம் அளவுக்குத் தளர்ச்சி வரும்.

அழுத்துவது

தேவையானவை: தட்டையான கனத்த மேடை (மையத்தில் துளையிட்ட 12 மி.மீ இரும்புத் தகடு, அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ப்ளைவுட் பலகைகள்), 1 அங்குல மரைத் தண்டு ஒன்று, ஹப் தட்டின் விட்டத்தில் இரும்பு வட்டு, கனத்த வாஷர்கள், கிரீஸ். அங்குலத்துக்கு 8 மரை உள்ள தண்டில் ஒரு சுற்றுக்கு ஒரு நூல் இறங்கும் என்பதால் வேகம் கையில் இருக்கும். ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் 12 டன் தாராளம். ஆனால் மரைத் தண்டில் ஒரு நன்மை உண்டு. இறக்கிய இடத்தில் அப்படியே நிற்கும், நழுவாது.

1. வட்டையை மேடையில் கிடத்தி, சுற்றிலும் கட்டை வைத்து நகராமல் பூட்டுங்கள். குழிவு அளவுக்கேற்ற நடுக்கட்டையை மையத்தில் வையுங்கள்.
2. ஆரக்கால்களுக்கு எண் போட்டு, ஹப் முனை மேலே எழும்பியிருக்கும்படி கழுந்துகளை ஒவ்வொன்றாக நுழையுங்கள். கடைசிக் கால் நுழைய மற்றவற்றைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டியிருக்கும்.
3. நடுமுனைகள் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஹப் அருகில் பட்டைக் கிளாம்ப் ஒன்றைத் தளர்வாகச் சுற்றுங்கள்.
4. ஆரக்கால்களின் நடுமுனைகள் மேல் இரும்பு வட்டு ஒன்றை வைத்து மரைத் தண்டை மாட்டி, கால் சுற்றுக் கால் சுற்றாக இறக்குங்கள். ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் நிறுத்தி, தோள்கள் எல்லாம் சேர்ந்தே மூடுகின்றனவா, கால்கள் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.
5. கடைசி ஒரு நூல் இறங்கும்போது விசை வெகுவாக ஏறும், மரம் முனகும். அது இயல்பு. படீரென்ற சத்தம் மட்டும் இயல்பல்ல. எங்கோ வரி சாய்ந்த கால் பிளந்திருக்கும். நிறுத்தி, திரும்ப ஏற்றி, அந்தக் காலை மாற்றுங்கள்.

அழுத்தத்தில் இருக்கும் சக்கரத்துக்கு நேர் மேலே முகத்தை நீட்டாதீர்கள். நடு மேலே துள்ளி எழுந்தால் அதைத் தடுக்க எதுவும் இருக்காது. கண்ணாடி அணிந்து, ஸ்பேனரை நீளக் கைப்பிடியோடு பக்கவாட்டிலிருந்து திருப்புங்கள்.

முழுதாக இறங்கியபின் தோள்களில் 0.05 மி.மீ ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) நுழையக் கூடாது. விசையே இல்லாமல் பொதுக்கென்று இறங்கிவிட்டால் நெரிசல் இல்லை என்று அர்த்தம். போல்ட் போட்டு மறைக்காமல் பிரித்து, 12 தோள்களின் கீழும் ஒரே கனத்தில் பித்தளை வாஷர் வைத்து மறுபடி அழுத்துங்கள்.

துளை, போல்ட், ஓட்டச் சீர்

தண்டை எடுக்கும்முன் ஹப் தட்டின் விளிம்புக்கு வெளியே ஆரக்கால்களுக்குக் குறுக்கே இரண்டு கட்டைகளைப் போட்டு மேடையோடு இறுக்குங்கள். அதன்பிறகு ஹப்பை நுழைத்து, அதன் துளைகளையே வழிகாட்டியாக வைத்துத் துளையிடுங்கள். 6 போல்ட்களும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆரக்கால் இணைப்புக் கோட்டின் மேல் விழும். ஒரே பக்கமிருந்து துளைத்தால் துரப்பணம் கோட்டை விட்டு விலகும். பாதிவரை இப்பக்கம், மீதி அப்பக்கம். பழைய போல்ட்களைத் திரும்பப் போடாதீர்கள். புதியதை எதிரெதிராக இறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி இறுக்குங்கள். இரு தட்டுகளும் மரத்தை மட்டுமே கவ்வ வேண்டும். தட்டும் தட்டும் எங்காவது முட்டினால் மரத்தில் பிடி விழாது.

முனையைப் பரப்பும்முன் சக்கரத்தை அச்சில் மாட்டி, ஒரு கம்பி முனையை அருகில் நிறுத்திச் சுழற்றுங்கள். பக்கவாட்டு ஆட்டமும் மேல்கீழ் ஆட்டமும் அரை நூலுக்குள் இருந்தால் நல்ல வேலை. பக்கவாட்டில் கூடுதலாக ஆடினால் தட்டுக்கும் மரத்துக்கும் இடையில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டத்துக்கு அந்தப் பக்கக் கால்களின் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். ரிம்மை மாட்டி, அதைப் பிடிக்கும் நான்கு லக்குகளையும் சமமாக இறுக்கி, இன்னொரு முறை சுழற்றுங்கள். சக்கரம் சரியாக இருந்து, லக் ஏற்றத்தாழ்வால் ரிம் மட்டும் ஆடுவதும் உண்டு.

எல்லாம் சரியென்றால், போல்ட் தலைக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக்கொடுத்து, முனையை நட்டின் மேல் பரப்புங்கள். அடிகள் சிறியதாக, விளிம்பைச் சுற்றி. இதை விட்டுவிட்டு வெறும் நட்டோடு ஓட்டக் கூடாது.

மேல்பூச்சும் முதல் ஓட்டமும்

பூச்சு இப்போதுதான். 120, பிறகு 180 எண் தாளில் தேய்த்து, வெளிப்புற வார்னிஷை மெல்லியதாக நான்கு கோட். பெயின்ட் என்றால் பிரைமர் சேர்த்து. ஆரக்கால் ஹப் தட்டுக்குள் நுழையும் இடத்திலும் கழுந்து முனையிலும் கூடுதலாக ஒரு கோட். தண்ணீர் குடிப்பது அங்கேதான். கழுந்து முனை வட்டையின் வெளிமுகத்தைத் தாண்டி நீண்டிருந்தால் சமமாக அறுத்துவிட்டுப் பூசுங்கள்.

30×3½ கிளிஞ்சர் டயருக்கு 55 முதல் 60 பி.எஸ்.ஐ. காற்று. குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். பின் சக்கரத்தை மாட்டும்போது சரிவு அச்சும் ஹப்பின் உட்புறமும் எண்ணெய்ப் பசையின்றிச் சுத்தமாக இருக்கட்டும். சாவி ஆட்டமில்லாமல் பொருந்தட்டும்.

முதல் 10 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, 12 கால்களையும் தட்டிக் கேளுங்கள். 100 கிலோமீட்டரில் மறுபடி. அச்சு நட்டையும் அப்போதே இறுக்கிப் பாருங்கள். பிறகு ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவிலும் மழை முடிவிலும் தட்டிப் பார்க்க வேண்டும். வண்டியைக் கழுவும்போது ஹப்பில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சாமல் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.